இறக்கை இறுகும் நேரம்

ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து சமையலறை விளக்கைப் போட்டதும், பாத்திரம் தேய்க்கும் தொட்டி ஓரத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு கரப்பான் நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்தவர்களில் பாதிப் பேர், "ஐயையோ, இது என்ன புது ஜாதி!" என்று அலறியிருப்பீர்கள். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, அது ஏதோ சீக்குப் பிடித்த கரப்பான் என்றே நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தார்.

புது ஜாதியும் இல்லை, சீக்கும் இல்லை. நாம் தினம் துடைப்பத்தால் விரட்டுகிற அதே கரப்பான்தான். பழைய சட்டையை அப்போதுதான் உரித்துப் போட்டிருக்கிறது. உள்ளே தயாராக இருந்த புதுச் சட்டை இன்னும் ஈரமாக, மெத்தென்று, நிறமே இல்லாமல் இருக்கிறது. சில மணி நேரம் போனால் அதுவும் பழுப்பேறி, கெட்டிப்பட்டு, 'டக்'கென்று செருப்படிக்குக்கூடத் தப்பும் ஓடாகிவிடும். கடைசித் தடவை சட்டை உரிக்கும்போதுதான் அதற்கு முழு இறக்கையும் வருகிறது. அந்த இறக்கையும் முதலில் நனைந்த காகிதம் மாதிரித்தான் இருக்கும்.

நனைந்த காகிதம் எப்படிப் பறக்கிற இறக்கையாகிறது? சமையலும் குழந்தையுமாக இருக்கிற நமக்கு இது எதற்கு என்று நினைக்காதீர்கள். நான் படித்தது பி.காம்.; பூச்சி என்றால் எனக்கும் அருவருப்புத்தான். ஆனாலும் ஒரு காலத்தில் இந்த விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலைமை எனக்கு வந்தது. அது என் இரண்டாவது பிள்ளை கைக்குழந்தையாக இருந்த சமயம். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் என் நாத்தனார். கல்லூரியில் விலங்கியல் எடுப்பவள். பாடம் நடத்துவது மாதிரி இல்லாமல், என் சமையலறைச் சாமான்களை வைத்தே புரியவைத்தாள். அவள் சொன்ன வழியிலேயே நானும் சொல்லிப் பார்க்கிறேன்.

நமக்கு எலும்பு உள்ளே, தோல் வெளியே. பூச்சிக்கு எலும்பே கிடையாது. வெளியே போர்த்தியிருக்கும் ஓடுதான் அதற்குத் தோல், அதுவே எலும்பு, அதுவே சட்டை. அந்த ஓட்டின் முக்கியமான சரக்குக்குக் 'கைட்டின்' என்று பெயர். 1823-ல் பிரான்ஸில் ஓடியே என்பவர், வண்டின் கெட்டியான முன் இறக்கைகளிலிருந்து அதைப் பிரித்தெடுத்துப் பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் அங்கி, சட்டை என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயராம். நாம் பாம்புக்குச் சட்டை என்று சொல்வது போலத்தான்.

கைட்டின் என்றதும் பெரிய ரசாயனம் என்று மிரள வேண்டாம். அது சர்க்கரை இனத்தைச் சேர்ந்த துளிகளைச் சரம் சரமாகக் கோத்த நார். பூ கட்டுகிறவள் மல்லிகையைத் தொடுப்பது போல, அந்தத் துளிகளை ஒவ்வொன்றாகத் தொடுக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் என்ஸைம்.

என்ஸைம் நமக்குப் புதிதா என்ன? குழந்தைக்கு முளைகட்டிய கேழ்வரகில் கஞ்சி காய்ச்சுகிறோமே, சாதா கேழ்வரகைவிட அது ஏன் லேசாகத் தித்திக்கிறது? முளைவிடும்போது தானியத்துக்குள் உண்டாகும் என்ஸைம், மாவைச் சர்க்கரையாக உடைத்துவிடுகிறது. என்ஸைம் என்பது வேலையைச் செய்துவிட்டு, தான் கரையாமல், அடுத்த வேலைக்குப் போய் நிற்கிற ஆள். நம்மைப் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

பூச்சிக்கு இறக்கை உண்டாவதில் இப்படிப் பல ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களில் மூன்று பேரைத் தெரிந்துகொண்டால் போதும். தொடுக்கிறவர், பிரிக்கிறவர், பதம் போட்டு இறுக்குகிறவர்.

முதலில் தொடுக்கிறவர். வண்ணத்துப்பூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அது புழுவாக இலையைத் தின்றுகொண்டிருக்கும்போதே, வெளியே தெரியாமல் உடம்புக்குள் இறக்கை மொட்டுகள் இருக்கின்றன. கூட்டுக்குள் போனதும் அவை விரிந்து வளர்கின்றன. அந்த இறக்கை இரண்டு மெல்லிய படலம் ஒட்டிய பை. உட்பக்கத்து உயிரணுக்களிலிருந்து கைட்டின் சரம் சரமாக வெளியே வந்து, புரதத்தோடு சேர்ந்து, பாய் முடைவது போல அடுக்கடுக்காகப் படிகிறது. ஆனால் கூடு சிறியது, இறக்கை பெரியது. ஆகையால் ஆறு கஜப் புடவையைக் கொசுவி ஒரு சின்ன டப்பாவில் திணித்த மாதிரி, இறக்கை சுருங்கி மடங்கியே இருக்கும். ஈரமாக இருக்கும்வரைதான் அப்படி மடங்கவும் முடியும்.

இரண்டாவது ஆள் பிரிக்கிறவர். புதுச் சட்டை தயாராகிவிட்டால் மட்டும் போதுமா? பழைய சட்டை கழன்றால்தானே வெளியே வரலாம்! அதற்காகப் பழைய ஓட்டின் உட்பக்கத்துக் கைட்டினைக் கரைக்க ஓர் என்ஸைம் வருகிறது. கரைந்ததை வீணாக்காமல் உடம்பு திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. பழைய ஸ்வெட்டரைப் பிரித்து, அதே நூலைக் கையில் வைத்துக்கொண்டு புதுசு பின்னுகிறோமே, அந்தச் சிக்கனந்தான்.

இந்த இடத்தில் நம் வீட்டு மாவு டப்பா வருகிறது. கோதுமை மாவிலும் ரவையிலும் செம்பழுப்பாக ஒரு குட்டி வண்டு ஓடுமே, சலிக்கும்போது சல்லடையில் தங்கி நம் மானத்தை வாங்குமே, அந்த மாவு வண்டு உலகத்து ஆராய்ச்சிக்கூடங்களில் ஒரு பெரிய புள்ளி! அமெரிக்காவில் கோதுமை விளையும் கான்ஸஸ் மாநிலத்தில் அதைப் பாட்டிலில் மாவு போட்டு வளர்த்தே ஆராய்கிறார்கள். அதன் பளபளப்பான முதுகு என்று நாம் நினைப்பது முதுகே அல்ல, முன் இறக்கை ஜோடி. ஓடு போல இறுகி, டப்பா மூடி மாதிரி இருக்கும். அதற்கடியில் கண்ணாடித்தாள் போல மெல்லிய பின் இறக்கை ஜோடி மடிந்திருக்கும். ஒரே உடம்பில் ஒரு ஜோடி தகரம், ஒரு ஜோடி மஸ்லின்!

கைட்டினைக் கரைக்கும் என்ஸைம் ஒன்றல்ல, ஒரு குடும்பமே உண்டு. மாவு வண்டில் அவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்து, 2008-ல் கான்ஸஸ் விஞ்ஞானிகள் ஒரு விஷயத்தை வெளியிட்டார்கள். அந்தக் குடும்பத்தில் ஒரு குறிப்பிட்ட என்ஸைம் இல்லாவிட்டால், வண்டு சட்டையை ஒழுங்காகவே உரித்துக்கொண்டு வெளியே வருகிறது. ஆனால் இறக்கை நீளமாட்டேன் என்கிறது! துணி நெய்தாகிவிட்டது, பெட்டியும் திறந்தாகிவிட்டது, மடிப்பு மட்டும் பிரியவில்லை. அப்படிப்பட்ட நுட்பம்.

மூன்றாவது ஆள்தான் நம் வெள்ளைக் கரப்பானைப் பழுப்பாக்குகிறவர். "அண்ணி, வாழைக்காய் நறுக்கி வச்சா என்ன ஆகுது?" என்று கேட்டாள் நாத்தனார்.

"கறுத்துப்போகும். அதான் தண்ணில போடறோம். வாழைப்பூவுக்கு மோர்."

"ஏன் கறுக்குது?"

"காத்து பட்டா கறுக்கும்."

"காத்து மட்டும் பத்தாது அண்ணி. வாழைக்காய்க்குள்ள ஒரு என்ஸைம் இருக்கு. காத்தையும் காயில இருக்கற சத்தையும் சேர்த்துவைக்குது. பூச்சி ஓட்டுலயும் கிட்டத்தட்ட அந்த வேலைதான் நடக்குது. ஆனா அங்க கறுக்கறதோட நிக்காது, இறுகவும் செய்யும்."

இரண்டும் ஒரே என்ஸைம் அல்ல, வேலையில் உறவுக்காரர்கள். பூச்சி தின்ற உணவில் வரும் டைரோஸின் என்ற பொருளைப் படிப்படியாக மாற்றி, ஓட்டுக்குள் அனுப்புகிறது உடம்பு. அங்கே என்ஸைம் அதைக் காற்றின் பிராணவாயுவோடு சேர்க்கிறது. அப்போது உண்டாகும் பொருள், ஓட்டிலுள்ள புரத இழைகளை ஒன்றோடொன்று தையல் போட்டது போல இணைத்துவிடுகிறது. பச்சைத் தோலைப் பட்டைச்சாறு போட்டுப் பதனிட்டுச் செருப்புத் தோலாக்குகிறார்களே, அதற்கு ஒப்பான காரியம். இதை 1940-ல் இங்கிலாந்தின் பிரையர் என்ற விஞ்ஞானி எடுத்துச் சொன்னார். அவர் பிடித்த நுனி எது தெரியுமா? கரப்பானின் முட்டைக்கூடு! அலமாரி மூலையில் பழுப்பாக மொச்சைக்கொட்டை போல ஒட்டிக்கிடக்குமே, அதேதான். அது உண்டாகும்போது வெள்ளையாக மெத்தென்று இருக்கும், பிறகுதான் இறுகும்.

இறுக்குகிற என்ஸைம் எது என்பதில்தான் நெடுநாள் வழக்கு. டைரோஸினேஸ் என்ற ஒன்றா, லாக்கேஸ் என்ற ஒன்றா என்று விஞ்ஞானிகள் பல வருஷம் வாதாடினார்கள். லாக்கேஸை முதலில் கண்டதே பூச்சியில் அல்ல. ஜப்பானில் ஒருவகை மரத்துப் பாலைப் பூசினால் பெட்டிகளும் கிண்ணங்களும் வழவழவென்று இறுகிப் பளபளக்கும். அந்தப் பாலில் 1883-ல் யோஷிதா என்பவர் கண்டது அது. கடைசியில் வழக்கைத் தீர்த்துவைத்தது நம் மாவு வண்டுதான். 2005-ல் கான்ஸஸ் குழுவினர் அந்த வண்டில் லாக்கேஸின் இரண்டாம் வகையைத் தடுத்துப் பார்த்தார்கள். வண்டு கூட்டைவிட்டு வெளிறிப்போய் வந்தது. தகரமாக இருக்கவேண்டிய முன் இறக்கை மெத்தென்று கோணிக்கிடந்தது. டைரோஸினேஸைத் தடுத்தபோதோ ஒரு குறையும் தெரியவில்லை. அந்தக் குழுவில் ஒருவர் பெயர் சுப்பரத்தினம் முத்துகிருஷ்ணன். பெயரைப் பார்த்ததும் எனக்கு என்னவோ சொந்தக்காரர் பரீட்சையில் ஜெயித்த மாதிரி ஒரு சந்தோஷம்!

சரி, இறுக்குகிற ஆள் உள்ளேயே நிற்கிறாரே, கூட்டுக்குள் மடங்கிக் கிடக்கும்போதே இறுக்கிவிட்டால் என்ன கதி? கொசுவின புடவை கொசுவினபடியே தகரமாகிவிடாதா? அதற்குத்தான் ஓர் உத்தரவு வேண்டியிருக்கிறது. 1962-ல் ஃப்ராங்கல் குழுவினரும், காட்ரெல் என்பவரும் தனித்தனியே இறைச்சியில் மொய்க்கும் பெரிய ஈக்களை வைத்து இதைக் கண்டார்கள். கூட்டிலிருந்து வந்த ஈயின் கழுத்தை உடனே நூலால் இறுக்கிக் கட்டினால், உடம்பு வெளிறியே இருந்துவிடுகிறது. ஏனென்றால் 'இறுகு' என்கிற செய்தி தலைப்பக்கத்து நரம்பிலிருந்து ரத்தத்தில் வரவேண்டும். அந்தச் செய்தியைக் கொண்டுவரும் ஹார்மோனுக்குப் பர்ஸிகான் என்று பெயர் வைத்தார்கள்.

என் மனசைத் தொட்டது இதற்கு அடுத்த சமாசாரம். அந்த ஈ மண்ணுக்குள் கூடு கட்டுகிறது. வெளிவந்ததும் மண்ணைத் தோண்டி மேலே ஏறவேண்டும். தோண்டி முடியும்வரை உத்தரவு வராதாம்! வெளியே வந்து, காலுக்கு இடமும் தலைக்கு மேல் வெளியும் கிடைத்தபிறகுதான் இறக்கையை விரிக்கும், அதற்கப்புறம் இறுகும். இடம் கிடைக்கும்வரை மென்மையாகவே இருக்கிறது.

இப்போது என் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

என் சின்னவன் பிறந்தபோது இரண்டு பாதமும் உள்பக்கமாகத் திரும்பியிருந்தன. பிறவி வளைபாதம், 'கிளப் ஃபுட்' என்பார்கள். ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இப்படி இருக்கும். "கிரகணத்தன்னைக்கு வெளிய போனியா?", "காய் நறுக்கினியா?" என்று பார்க்க வந்தவர்களெல்லாம் கேட்டார்கள். பிரசவித்த உடம்போடு அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்வது எப்படியிருக்கும் என்று தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எலும்பு டாக்டரோ, "இதுக்கு அம்மா செஞ்ச எதுவும் காரணம் இல்லம்மா. அடுத்த வாரமே கட்டு போட ஆரம்பிச்சிடலாம்" என்றார்.

என் மாமியாருக்கு மனசு கேட்கவில்லை. "ஏத்தா, பத்து நாள் பிள்ளைக்கு மாவுக்கட்டா? எலும்பு கொஞ்சம் முத்தட்டும். ஒரு வயசு ஆகட்டும், பார்ப்போம்" என்றார். பாசத்தில் சொன்னதுதான். என் கணவரும் தயங்கினார். எனக்கும் அந்தப் பூம்பாதத்தைப் பார்த்தால் வயிற்றைப் பிசைந்தது.

அதே வாரம் எங்கள் கறிவேப்பிலைச் செடியில் பெரியவள் பார்த்து வைத்திருந்த இரண்டு கூடுகள் திறந்தன. பச்சைப் புழுவாக இருந்தபோது, தொட்டால் சிவப்புக் கொம்பு நீட்டி நாற்றம் அடிக்குமே, அந்த வண்ணத்துப்பூச்சி. ஒன்று கிளையைப் பிடித்துத் தொங்கியது. சுருங்கின இறக்கைக்குள் நரம்பு வழியே உடம்பு நீரைத் தள்ளித் தள்ளி, கால் மணி நேரத்தில் கறுப்புப் பட்டாக விரித்துவிட்டது. மற்றது காற்றில் நழுவித் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவிலே விழுந்து மாட்டிக்கொண்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்து பெரியவள் அதை எடுத்தபோது, ஒரு பக்க இறக்கை கசங்கினபடியே இறுகிப்போயிருந்தது. ஈரப் பஞ்சை வைத்து நீவிப் பார்த்தாள். அது நீவினால் நிமிராது. இழையெல்லாம் தையல் விழுந்துவிட்டதே.

அழுதுகொண்டே என்னிடம் வந்து கேட்டாள்: "அம்மா, தம்பி காலும் இப்படியே இறுகிடுமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால்தான் நாத்தனாரைக் கூப்பிட்டேன். இவ்வளவு நேரம் உங்களுக்குச் சொன்னதெல்லாம் அன்று கேட்டதுதான். மறுநாள் அதே கேள்வியை டாக்டரிடமும் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "பூச்சிக்குச் சில மணி நேரம், உங்க பிள்ளைக்குச் சில வருஷம், அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார். கைக்குழந்தையின் பாதத்தில் பெரும்பகுதி இன்னும் எலும்பாகாத குருத்து. தசைநாரும் இழுத்த இழுப்புக்கு வரும். வாரம் ஒரு கட்டாக, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வைத்தால் ஐந்தாறு கட்டில் பாதம் நேராகும் என்று விளக்கினார். அமெரிக்காவில் பொன்ஸெட்டி என்ற டாக்டர் வகுத்த முறை அது. பிந்தி வந்தாலும் வைத்தியம் உண்டு. ஆனால் முந்தி வந்தால் சுலபம்.

அத்தையிடம் வந்து அப்படியே சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. தொட்டியில் சர்க்கரைத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அந்த ஒற்றை இறக்கைப் பூச்சியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "கட்டு போடப் போகையில நானும் வாரேன். பிள்ளையை நான் மடியில வச்சுக்கிறேன்" என்றார். ஆறு கட்டுக்கும் அவர் மடிதான். பிறகு குதிகால் தசைநாரில் ஒரு சிறு கீறல், மூன்று மாதம் நாள் முழுக்கக் கம்பி பூட்டிய ஷூ, அப்புறம் நாலு வயசு வரை தூங்கும்போது மட்டும். ஷூ போடாத ராத்திரி ஒன்றுகூடக் கிடையாது. அதில் அத்தை போலீஸ்காரர் மாதிரி. இப்போது சின்னவன் மூன்றாம் வகுப்பு. அவனைப் பிடிக்கத் தெரு முழுக்க ஓடவேண்டியிருக்கிறது.

ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்லவேண்டும். பூச்சியும் குழந்தையும் ஒன்றல்ல. இறக்கை விரிக்கிற பூச்சியை நாம் தொடவே கூடாது. இடம் மட்டும் விடவேண்டும். வளைந்த பாதத்தையோ, தெரிந்த கை தொட்டே ஆகவேண்டும். நாமாக எண்ணெய் போட்டு உருவுவதோ, 'தானாகச் சரியாகும்' என்று காத்திருப்பதோ உதவாது. இரண்டுக்கும் பொதுவானது மென்மையான காலம் ஒன்று இருக்கிறது என்பது மட்டுந்தான். உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ இப்படி ஒரு குழந்தை பிறந்தால், கிரகணக் கேள்வி கேட்காமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அரசு மருத்துவமனைகளிலும் இந்தச் சிகிச்சை உண்டு.

கடைசியாக, சமையலறைக்கு உபயோகமாக இரண்டு வார்த்தை. கைட்டின் தொடுக்கிற வேலையைக் கெடுத்துப் பூச்சியை ஒழிக்கும் மருந்துகளும் இருக்கின்றன. 1970-களின் தொடக்கத்தில் நெதர்லாந்தில் பிறந்த வகை அது. அதைத் தின்ற புழு, சட்டை உரிக்கும் சமயத்தில் புதுச் சட்டை தாங்காமல் செத்துப்போகும். நம் உடம்பில் கைட்டின் கிடையாது என்பது உண்மைதான். அதற்காக அலட்சியம் வேண்டாம். இறாலுக்கும் நண்டுக்கும் ஓடு கைட்டின்தானே, குளத்தில் கலந்தால் அவையும் சாகும். கறிவேப்பிலைக்கு எந்த மருந்தும் அடிக்காமல், நாலு இலையைப் புழுவுக்கு விட்டுக்கொடுப்பதே என் வழக்கம்.

மாவு வண்டுக்கோ மருந்தே தேவையில்லை. ரவையை வறுத்து ஆறவிட்டு, ஈரமில்லாத, இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். கோதுமை மாவைக் கொஞ்சமாக வாங்கி, நாலு நாள் ஃப்ரீஸரில் வைத்து எடுத்தால் முட்டையும் சாகும். கரப்பான் உரித்த சட்டையும் கழிவும் தூசியாகப் பறந்து, சில குழந்தைகளுக்கு இளைப்பைக் கிளப்பிவிடும். ஆகையால் அலமாரி மூலைகளை மாதம் ஒருமுறையாவது ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். அப்போது மொச்சைக்கொட்டை மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால், பிரையரை நினைத்துக்கொண்டு சுரண்டி எடுத்து வெந்நீரில் போட்டுவிடுங்கள்!